இருபத்தாறு சவ்வுகள், இருபத்துநாலு குட்டிகள்

ஆகஸ்ட் 8, செவ்வாய்

நேற்றைய கவுண்டி வாரியக் கூட்டத்தின் குறிப்பைத் தட்டச்சு செய்து முடித்தேன். ஐந்தாவது பொருள்: தனியார் வீடுகளில் விஷப் பாம்பு வளர்ப்பதைக் கவுண்டி, அதாவது எங்கள் மாவட்டம், முழுவதும் தடை செய்வது. பொது விசாரணை 21ஆம் தேதி. கோரியவர் லோரீன் விஸ்நன்ட், ஓய்வுபெற்ற நர்ஸ். அவர் முகவரியையும் நான்தான் அடித்தேன். எங்கள் வீட்டுக்கு அடுத்த எண்.

பக்கத்து ஊரில் ஒருவன் தன் நாகம் தப்பியதை ஐந்து மாதம் வெளியே சொல்லவில்லை. ஜூனில் அது யாரோ ஒருவர் வாசற்படியில் படுத்திருந்தது. அன்றிலிருந்து மிஸ் லோரீன் கையெழுத்து வாங்குகிறார். எங்கள் கதவையும் தட்டினார். "வேர்ன், இது உனக்கு எதிராத்தான். சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது" என்றார் அப்பாவிடம். அப்பா ஐஸ் டீ கொடுத்து அனுப்பினார். கையெழுத்துப் போடவில்லை.

எங்கள் கராஜை ஒட்டிய அறையில் ஒன்பது பாம்புகள். அப்பா லாரி மெக்கானிக். பத்தொன்பது வருடமாக வளர்க்கிறார், ஒருமுறைகூடக் கடி வாங்கியதில்லை. தடை வந்தால் ஒன்பதும் போய்விடும்.

தடை வராது என்றுதான் நினைக்கிறேன். வாரியத்தின் ஏழு பேரில் நான்கு பேரை நம் பக்கம் எண்ண முடிகிறது.

ஆகஸ்ட் 10, வியாழன்

சாயங்கால எண்ணிக்கை. அப்பா தனியாக அந்த அறைக்குள் போக மாட்டார், அது அவர் விதி. நான் வாசலில் அட்டையோடு நிற்பேன். பெயர் வாசிப்பேன். அவர் கண்ணால் பார்த்த பிறகுதான் "இருக்கு" என்பார். கைபேசி என் சட்டைப் பையில். பன்னிரண்டு வயதிலிருந்து இது என் வேலை.

"கண்ணாடி விரியன், ஒன்று."

"இருக்கு. தின்னு கொழுத்துட்டா. இன்னும் ரெண்டு வாரம் எலி கிடையாது."

உடம்பின் பின்பாதி மட்டும் பருத்திருந்தது. கொழுப்பு அப்படி ஏறாதே என்று தோன்றியது. ஜூலையிலும் தோன்றியது. சொல்லவில்லை. நான் ஏதாவது சொன்னால் அப்பா சிரித்துக்கொண்டே "சரிங்க காலேஜு" என்பார். இந்த வீட்டில் பட்டம் வாங்கியது நான் ஒருத்திதான். அதை வாசலிலேயே செருப்போடு கழற்றிவிட்டு உள்ளே வரப் பழகிவிட்டேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

குட்டிகள்.

அம்மா சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அப்பா தண்ணீர் மாற்ற உள்ளே போனார், நான் வாசலில். "கோரின்" என்றார். காலேஜு இல்லை, கோரின். அப்போதே தெரிந்தது.

கூண்டு முழுக்கக் குட்டிகள், ஒரு ஜாண் நீளத்தில். ஒன்று செத்திருந்தது. கூண்டின் பக்கவாட்டில் காற்றுக்காக அடித்த கம்பி வலை பெரிய பாம்புக்கு அளவெடுத்தது. அதன் கண் வழியே என் சுண்டுவிரல் போகும்.

தாய் விரியன் வந்து மூன்று வருடம். தனியாகத்தான் இருந்தாள். பெண் பாம்பு ஆணின் விந்தை வருடக்கணக்கில் உள்ளே சேர்த்துவைக்கும். கல்லூரி மூன்றாம் ஆண்டு விலங்கியல் தேர்வில் இதை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பேராசிரியர் ஓரத்தில் 'நன்று' என்று போட்டார். எழுதத் தெரிஞ்சுது, வாயைத் திறக்கத் தெரியலயே. பிள்ளைத்தாய்ச்சியைப் பட்டினி போட்டு வெச்சிருக்கோம் ரெண்டு பேருமா.

அப்பா நீளக் கொக்கியால் ஒவ்வொன்றாக மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றினார். உடம்பெல்லாம் வேர்வை. செத்ததையும் சேர்த்து இருபத்துநாலு.

"எல்லாம் இருபத்துநாலுதானே?" என்றார்.

யாருக்குத் தெரியும்? அட்டையில் எப்போதும் ஒன்று. ஒன்று என்று எண்ணுவது எண்ணுவதே இல்லை என்று இன்றைக்குப் புரிகிறது.

கூண்டில் விரித்திருந்த செய்தித்தாளைக் கேட்டேன். கண்ணாடி விரியன் முட்டை இடாது. ஒவ்வொரு குட்டியும் ஒரு மெல்லிய சவ்வைக் கிழித்துக்கொண்டு வரும், அந்தச் சவ்வு காய்ந்து தாளில் ஒட்டிக்கொள்ளும். சமையலறை மேசையில் விரித்துப் பென்சிலால் வட்டமிட்டேன். அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்றார். மூன்று முறை எண்ணினேன்.

இருபத்தாறு.

அதே நாள், மதியம்

அறையைப் புரட்டியாயிற்று. இல்லை. ஏசி குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் பூச்சு விட்டிருக்கிறது. வெளியே வந்தால் முதலில் வேலி, வேலிக்கு அந்தப்பக்கம் மிஸ் லோரீனின் தக்காளி.

ஹோயல் டாக்கெட் வந்தார். அப்பாவின் நண்பர், பதினான்கு பாம்பு வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தார்.

"வேர்ன், தாத்தா ஆயிட்ட. மிட்டாய் எங்க?"

பிறகு சிரிக்கவில்லை. "ரெண்டே ரெண்டு குட்டி. அக்டோபர் பனி விழுந்தா தானா போயிடும். இன்னும் எட்டு நாள்ல விசாரணை. இப்ப போன் பண்ணினா உன் ஒம்பது மட்டுமில்ல, கவுண்டில ஒருத்தன்கிட்ட ஒரு பாம்பு தங்காது. சவ்வு எண்ணினாளாம். எந்த ஷெரிப் வந்து சவ்வு எண்ணப்போறான்?"

அப்பா எதுவும் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அப்பா சொல்லாமல் இருக்கக்கூடிய ஆள் என்று எனக்குத் தெரியாது.

அம்மா சர்ச் உடுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். "இவனைக் கட்டிக்கிட்டப்ப வீட்ல ரெண்டு பேர்னு நெனச்சேன். இன்னிக்கு முப்பத்தஞ்சுன்னு சொல்றீங்க, அதுல ரெண்டைக் காணோம்ங்கிறீங்க" என்றாள்.

குட்டி என்றாலும் விஷம் விஷம்தான். முறிவு மருந்து இந்தக் கவுண்டியில் எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. மூன்று மணி நேரம் தள்ளி ஒரு விலங்குக் காட்சிசாலையில் இருக்கிறது. இது அந்த மேசையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

எனக்குத் தொலைபேசியில் பேசுவது பிடிக்காது. பீட்சா சொல்வதற்கே எழுதிவைத்துக்கொண்டு பேசுவேன். எழுதினேன். நான்கு வரி. பிறகு ஷெரிப்பின் காவல் அலுவலகத்துக்குப் பேசினேன். நடுவில் ஹோயல் எழுந்து போய்விட்டார். அப்பா எழுந்திருக்கவில்லை. "விரியன் பேரை எழுத்துக்கூட்டிச் சரியாச் சொல்லு, அவனுங்க தப்பா எழுதிக்குவானுங்க" என்றார். அவ்வளவுதான்.

பிறகு வேலியோரம் போய் மிஸ் லோரீனைக் கூப்பிட்டேன். அதற்கு எழுதிவைக்கவில்லை.

"எவ்வளவு நீளம்?" என்றார். காட்டினேன். "என்ன நிறம்?" சொன்னேன். "மருந்து எங்க?" அதையும் சொன்னேன். கையுறையைக் கழற்றிப் படியில் வைத்தார்.

"நன்றி, கோரின். 21ஆம் தேதி இதையெல்லாம் நான் சொல்லுவேன். தெரியுமில்ல?"

"தெரியும், மேடம்."

ஆகஸ்ட் 14, திங்கள்

ஒன்று கிடைத்தது. வெந்நீர்த் தொட்டிக்கு அடியில், அறைக்குள்ளேயே. அப்பா வேலைக்குப் போகவில்லை. ஷெரிப்பின் ஆட்கள் தெரு முழுக்க நோட்டீஸ் ஒட்டுகிறார்கள்.

மளிகைக்கடையில் ஒரு பெண் என்னைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 16, புதன்

மிஸ் லோரீன் காலை ஏழு மணிக்குப் போனில் பேசினார். "உங்க வீட்டுப் பிள்ளை என் தோட்டக் குழாய்ச் சுருள்ல இருக்கு. மேல கோழி வறுக்கிற தட்டைக் கவுத்திருக்கேன், அதுக்கு மேல செங்கல். அப்பனை வரச்சொல்லு. காபி போட மாட்டேன்."

அப்பா போய் எடுத்தார். இருபத்தாறு.

வேலைக்குப் போகும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் அழுதேன். பிறகு சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 19, சனி

இரண்டும் கிடைத்துவிட்டதால் ஹோயலின் கோபம் இரட்டிப்பாகிவிட்டது. "எப்படியும் கிடைச்சிருக்கும்ல? ஊருக்கே தண்டோரா போட்டியே" என்கிறார்.

எப்படியும் கிடைத்திருக்கும். மிஸ் லோரீன் கையில்.

விசாரணையில் பேசப் பெயர் கொடுத்துவிட்டேன். அந்தப் பொருளுக்கு மட்டும் வேறொருவர் குறிப்பு எடுப்பார். இரண்டு வருடமாக அந்த அறையில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசியதை எழுதுகிறேன். எது அங்கே எடுபடும், எது எடுபடாது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அழுதால் எடுபடாது. உரிமை என்று கத்தினால் எடுபடாது. எண்ணைச் சொன்னால் பேனாவை எடுப்பார்கள்.

என்ன சொல்லப்போகிறேன் என்று அப்பா கேட்டார். சொன்னேன், இரண்டாவது பாதியையும். வாசலில் இறங்கி லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டார். சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தார்.

ஆகஸ்ட் 21, திங்கள்

கூட்டம் வாசல்வரை நின்றது. பாம்புக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி தொப்பி போட்டு வந்திருந்தார்கள். அது நல்ல யோசனையாக இல்லை.

மிஸ் லோரீன் முதலில். சொன்னபடியே எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றைக்கூடக் கூட்டவில்லை. கடைசியில், "அந்தப் பொண்ணு சொல்லாம இருந்திருந்தா குழாயை வெறுங்கையால எடுத்திருப்பேன். அதுக்காக நான் கேக்கிறது மாறாது. தடை வேணும்" என்றார்.

அடுத்து நான். பேச மூன்று நிமிடம், மேசையில் நேரம் காட்டும் பச்சை விளக்கு. என் குரல் முதல் வரியில் உடைந்தது. இரண்டாவது வரியில் வந்துவிட்டது.

பக்கத்து ஊரில் ஐந்து மாதம், எங்கள் வீட்டில் ஐந்து மணி நேரம் என்றேன். அந்த ஐந்து மணி நேரமும் எதற்கு என்றால், சொன்னால் எல்லாம் போய்விடும் என்ற பயத்துக்கு. தடை போட்டால் பாம்பு போகாது, சொல்பவர்தான் போவார். பதிவு வையுங்கள், சோதனை வையுங்கள், தப்பியதும் தானாகச் சொல்பவரிடமிருந்து அதற்காகப் பிடுங்காதீர்கள்.

மஞ்சள் விளக்கு. இரண்டாவது பாதியைச் சொன்னேன். ஒரு மணி நேரத்துக்குள் முறிவு மருந்து கிடைக்காத பாம்பு எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டிலும். எங்களிடம் அப்படி ஐந்து இருக்கிறது.

பின்வரிசையில் யாரோ "துரோகி" என்றார்கள். யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. சொல்ல இன்னும் இருபது நொடி இருந்தது.

செப்டம்பர் 18, திங்கள்

நான்குக்கு மூன்று. தடை தோற்றது. நான் கேட்ட இரண்டு பாதியும் சட்டமாகிவிட்டது. வாக்குகளை நானே எழுதினேன்.

வெளியே மிஸ் லோரீன் கைகொடுத்தார். "தோத்துட்டேன். பாதிதான், அதனால தூங்கிடுவேன்" என்றார்.

அப்பா லாரியில் காத்திருந்தார். பாதி வழி வந்ததும், "பத்தொம்போது வருஷத்துல என்கிட்ட இருந்து அஞ்சைப் பறிச்சவ என் வீட்லயேதான் இருந்திருக்கா" என்றார்.

"நாலு இருக்குப்பா."

"எண்ணத் தெரியும் எனக்கு."

கொஞ்ச நேரம் கழித்து, "ஜூலையிலயே அது சினைன்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

"சந்தேகம் இருந்தது."

"அடுத்த தடவை சொல்லித் தொலை."

அக்டோபர் 6, வெள்ளி

காட்சிசாலை வண்டி வந்து ஐந்தையும் குட்டிகளையும் எடுத்துப்போனது. விரியன் பெட்டியை அப்பா யாரையும் தூக்கவிடவில்லை. அம்மா வாசலில் நின்று வழியனுப்பினாள், கையசைக்கவில்லை என்கிறாள்.

அக்டோபர் 30, திங்கள்

புதுச் சட்டப்படி தொடங்கும் பாம்புப் பதிவேட்டு வேலையை எனக்குத் தந்திருக்கிறார்கள். புதன் முதல். அப்பாவின் நான்கைச் சோதிக்க மட்டும் அடுத்த கவுண்டியிலிருந்து ஆள் வருவார், நான்தான் அப்படிக் கேட்டேன். கவுண்டியில் ஒவ்வொரு கூண்டின் மேலும் என் மேசைத் தொலைபேசி எண் ஒட்டப்படும்.

போன். எனக்கு. சிரிப்புத்தான்.

நவம்பர் 14, செவ்வாய்

மாலை நான்கு மணி ஐந்து நிமிடத்துக்குத் தொலைபேசி அடித்தது. முன்னால் ஒன்றும் எழுதிவைத்திருக்கவில்லை.

"பதிவேடா?" பெயர் சொல்லவில்லை. குரல் தெரிந்தது. ஆகஸ்ட்டுக்குப் பிறகு ஹோயல் எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

"ஆமாம், மிஸ்டர் டாக்கெட்."

அவருக்கு மூச்சு வாங்கியது. "ஒண்ணு குறையுது. செப்புத்தலை விரியன். ஆணு. கூண்டு பூட்டினபடியே இருக்கு, எப்படின்னு தெரியல."

"கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"காலையில. இப்பதான் எண்ணினேன்."

"குறையுதுன்னு தெரிஞ்சு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நாலு நிமிஷம்" என்றார். பிறகு, "அஞ்சு."

நான்கு என்று எழுதி, அடித்துவிட்டு, ஐந்து என்று எழுதினேன்.