நின்ற இடத்தையே காட்டும் பெட்டி

ரிப்பேருக்கு வந்த பெட்டியைத் திறந்ததும் மீன் வாடை அறை முழுக்கப் பரவியது. பக்கத்து மேசைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார்கள். ஒயர் செருகும் இடத்தில் உப்புப் பூத்து, ஒரு செதில் ஒட்டியிருந்தது. நீ இருந்திருந்தால், "எங்க ஊரு சென்ட்டுடி இது, காசு குடுத்தாலும் கெடைக்காது" என்று முகர்ந்து காட்டி அவர்களை இன்னும் வெறுப்பேற்றியிருப்பாய். வாடை எனக்கு ஒன்றும் செய்யவில்லை. பெட்டிக்குள் ஓடிய நிரலைக் கணினியில் திறந்து பார்த்தபோதுதான் மூக்கைப் பொத்தத் தோன்றியது.

அது உன் அண்ணன் படகில் புதிதாக வாங்கி மாட்டிய பெட்டி. ஜிபிஎஸ் சொல்லும் இடத்தைத் திரையில் காட்டுவதற்கான டிரைவர் நிரலை, விராலிமலையில் இதே அறையில் நாம் இருவரும்தானே எழுதினோம்? சோதனைக்காகக் கோட்டைப்பட்டினம் போனது நினைவிருக்கிறதா? கரைக்கு வந்த உன் அண்ணன் என்னைப் பார்த்து, "என்னம்மா, நடுக்கடல்ல நிக்கிறேன், ஒங்க பெட்டி என்னையச் சவுதியில எறக்கி விட்டுருச்சு. விசாகூடக் கேக்கல" என்றார். படகுத்துறையே சிரித்தது. நீயும் சிரித்தாய். திரும்பும் பஸ்ஸில் அறந்தாங்கி தாண்டியும் மடிக்கணினியை மூடவில்லை.

காரணத்தை நீதான் பிடித்தாய். இடத்தைக் குறிக்கும் எண் நான்கு பைட் நீளம். நமக்கு வாங்கிக் கொடுத்த மலிவான பழைய சிப், நான்கால் வகுபடும் முகவரியில் தொடங்கும் எண்ணை மட்டுமே ஒழுங்காக எடுக்கும். ஜிபிஎஸ் செய்தியில் சில சமயம் முன்னால் ஒரு பைட் கூடிவிடும். எண் ஓரிடம் தள்ளி உட்காரும். அப்போதும் அந்தச் சிப் பிழை என்று சொல்லாது. பைட்டுகளை இடம் மாற்றி, அதையே விடையாக நீட்டும். பெட்டியை அணைத்துப் போடும்வரை இதே கதைதான். ஒவ்வொரு பைட்டாக எடுத்து அடுக்கும் சில வரிகளை நீ எழுதினாய். கொஞ்சம் மெதுவாக ஓடியது, ஆனால் தவறவில்லை.

மேனேஜர் அதைவிடச் சுருக்கமான வழி வைத்திருந்தார். எண் திடீரென்று தாவினால் தூக்கி எறிந்துவிட்டு, கடைசியாகக் காட்டிய இடத்தையே காட்டுவது. உனக்கு முகம் சிவந்துவிட்டது.

"சவுதியக் காட்டுனா எங்க அண்ணன் சிரிப்பாரு சார். பக்கத்து போட்டுல வயர்லெஸ் மைக்குல கேட்டுக்குவாரு. முன்னாடி நின்ன எடத்தக் காட்டுனா நம்பிருவாரு."

அன்று அவர் விட்டுக்கொடுத்தார். உன் வரிகளே நிரலில் நின்றன.

நோய் உன்னைக் கொண்டுபோன பிறகு இங்கே ஓர் அஞ்சலிக் கூட்டம் நடத்தினார்கள். உன் படத்துக்கு மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, குத்துவிளக்கும் ஏற்றினார்கள். உங்கள் மார்க்கத்தில் இதெல்லாம் கிடையாது; உன் பொருட்களை வாங்கிப்போக வந்த உன் அத்தா வாசலோடு நின்றுவிட்டார். "அவங்க இந்தக் குடும்பத்துல ஒருத்தர்" என்று மேனேஜர் தழுதழுத்தார். பிறகு சமோசா தின்றார்கள். அதே வாரம் உன் வரிகளை அழித்துவிட்டு அவர் தன் வழியைப் போட்டிருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிகிறது. பக்கத்தில் ஒரு குறிப்பு: வேகத்துக்காக நீக்கப்பட்டது. எச்சில் இலையைத் தொட்டதுபோல் கையைத் துடைத்துக்கொண்டேன்.

உன் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"வலைய இழுத்துக்கிட்டுப் போறோம்மா, பெட்டி நின்ன எடத்துலயே நிக்கிது. சரி, எதிர் நீரோட்டத்துல போட்டு நகரல போலன்னு இருந்துட்டேன். பக்கத்து போட்டுக்காரன் மைக்குல கத்துறான், எல்லையத் தாண்டிட்டீக, திருப்புங்கன்னு. அவன் மட்டும் கத்தலேன்னா இந்நேரம் அங்கிட்டு ஜெயில்ல கெடப்பேன்."

மேனேஜர் அறைக்குப் போனேன். நான் சொன்னதைப் பல் குத்திக்கொண்டே கேட்டார். "யாருக்கும் ஒண்ணும் ஆகலையேம்மா. மெதுவா ஓடுதுங்கிற கம்ப்ளைன்ட்தான் பாதியாக் கொறைஞ்சிருக்கே. அடுத்த லோடு போகணும், டெஸ்ட் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டுருங்க."

முடியாது என்றேன். உன் வரிகள் திரும்ப வந்தால்தான் கையெழுத்து. ஏற்கெனவே விற்ற பெட்டிகளைத் திருத்தும்வரை படகுக்காரர்களுக்கு நானே போன் போட்டு, திரையை நம்பாதீர்கள் என எச்சரிக்கப்போவதாகவும் சொன்னேன்.

குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "கம்பெனிச் சோறு தின்னுட்டு இப்பிடிப் பேசுறீங்களே. ஒங்க கூடப் பொறந்தவரா கடலுக்குப் போறாரு?"

"ஆமா சார்."

நாளை எனக்கு இங்கே நாற்காலி இருக்குமா, தெரியாது. உன் அண்ணன் கொடுத்த எண்களை ஒவ்வொன்றாக அழைத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் எடுத்தவர், "நீங்க யாரும்மா, பெட்டி விக்கிற ஆளா?" என்று சள்ளென்று விழுந்தார். உன் பெயரைச் சொன்னேன். யாரிடமோ இன்ஜினை நிறுத்தச் சொன்னார்.

"அந்தப் புள்ளையோட சிநேகிதியா? சொல்லும்மா, கேக்குறேன்" என்றார்.