நீ உருக்கிக் கொடுத்த ஆட்டுக்கொழுப்பு

மலைமேல் செம்மேட்டில் நாம் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்ய அலமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது அந்த டப்பா கையில் அகப்பட்டது. என்ன ஏதென்று நினைவில்லாமல் மூடியைத் திறந்துவிட்டேன். நீ உருக்கிக் கொடுத்த ஆட்டுக்கொழுப்பு. சிக்கு வாடை மூக்கில் ஏறியதும் வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். செத்த பிறகும் நீ என் சமையலறையை விட்டபாடில்லை.

நம் இருவருக்கும் சர்க்கரை. உன் குடும்பம் ஊரில், நமக்கு ஒரே ஆபீஸ், ஒரே வீடு. "மாப்ள, மாத்தர போட்டியா?" என்று கேட்டுத்தான் நீ தினமும் பல் துலக்கவே போவாய். பிறகு உன் போனுக்குள் அந்த வாட்ஸ்அப் குழு வந்தது. கறி, முட்டை, கொழுப்பு தவிர வேறெதுவும் தொடக்கூடாதாம். சோறு விஷம், பழம் விஷம், கீரைகூட விஷம். சில வாரங்களில் சர்க்கரை இறங்கியது, அதை நான் மறுக்கவில்லை. நம் டாக்டரும் மறுக்கவில்லை.

"மாவுப்பண்டத்தக் கொறச்சா சர்க்கரை எறங்கத்தானுங்க செய்யும். ஆனா என்னையக் கேக்காம மருந்த நிறுத்தக் கூடாதுங்க. உங்களுக்குக் கிட்னி ஏற்கெனவே சரியில்ல, இத்தன கறி ஆகாதுங்க" என்றார்.

அவர் சொன்னதில் முதல் வரியை மட்டும் நீ குழுவில் போட்டாய். கைதட்டும் படங்கள் வந்து குவிந்தன. அந்த மிதப்பில் சர்க்கரை மாத்திரையோடு பிரஷர் மாத்திரையையும் சேர்த்துக் குப்பையில் கொட்டினாய்.

கோயிலுக்குக் கிடா வெட்ட மலையேறி வருகிறவர்கள் கறியைக் கீழே கொண்டுபோக மாட்டார்கள். இங்கேயே சமைத்து, வழியில் போகிறவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துத் தீர்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள். உனக்கு அது வசதியாகப் போயிற்று. முள்ளுக்குறிச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பந்தியில், இலையில் விழுந்த சோற்றை நீ புறங்கையால் ஒதுக்கினாய். பரிமாறிய பெரியவர் திகைத்துப்போனார்.

"ஏனுங்க, சாமிக்குப் பொங்குன சோறுங்க. ஒரு வாயாச்சும் தின்னுங்க."

"அது எனக்கு வெசமுங்க. கொழுப்பாப் பாத்துப் போடுங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. நீ எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தாய், தாடையெல்லாம் கொழுப்பு வழிந்தது. பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. போதாக்குறைக்கு மிச்சக் கொழுப்பை வாங்கிவந்து உருக்கி, "நீயும் தின்னுப் பாரு மாப்ள" என்று என் அலமாரியில் வைத்தாய். அன்று நாம் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும்.

கால் வீங்கியது. குழுவில் கேட்டாய். உடம்பு பழகுகிறது என்றார்கள். மூச்சு வாங்கியது. அதற்கும் அதே பதில். நாமக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கிட்னி இரண்டும் கைவிட்டிருந்தன.

கடைசியாக நான் உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று, நீ கேட்டாயென்று உன் மனைவி ரசஞ்சோறு கொண்டுவந்திருந்தாள். ஆவலாக நாலு வாய் தின்றாய். பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, "மாப்ள, குரூப்புல சொல்லிப்போடாத" என்றாய். உயிர் போகிற நேரத்திலும் அவர்களுக்குத்தான் பயந்தாய்.

நீ போன பிறகு, படையலுக்குக் கறி வைக்கலாமா என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டார். "கறி இந்த ஊட்டுக்குள்ள வரக்கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு, உன் மனைவி ரசஞ்சோறு மட்டும் வைத்துக் கும்பிட்டாள்.

டப்பாவை இப்போதுதான் குழி தோண்டிப் புதைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. நீ என்னையும் சேர்த்துவிட்டிருந்த அந்தக் குழுவைத் திறந்து பார்த்தேன். முகப்பில் இன்னும் உன் படம்தான். இளைத்துப்போய், தொளதொளத்த பேண்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். கீழே, 'மருந்தில்லாமல் சர்க்கரையை வென்றவர்.' செத்தவன் படத்தைக் காட்டி ஆள் பிடிக்கிறார்கள். தூ! இந்த ஈனத்தனத்துக்கு அந்தக் கொழுப்பு நாற்றமே தேவலை.

முதல்முறையாக அதில் எழுதினேன்: 'இவர் உயிரோடு இல்லை. மருந்தை நிறுத்தினார், கிட்னி போய் இறந்தார். கடைசியில் கேட்டு வாங்கித் தின்றது ரசஞ்சோறு.' உடனே என்னைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். அதற்குள் யாராவது ஒருவர் படித்திருப்பார்.

சொல்லாதே என்றாய், சொல்லிவிட்டேன். கோபமிருந்தால் இருக்கட்டும். படத்தில் சிரிப்பவனை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பல் துலக்கப் போகுமுன் 'மாத்தர போட்டியா' என்று அதட்டிக் கேட்பாயே, அந்தக் குரல் எனக்குப் போதும்.

போட்டுட்டேன் மாப்ள.