பச்சைக் கவுன்

12 மார்ச் 1983, சனி

இன்று சுங்கை சிப்புட் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு கவுன்கூட விற்கவில்லை. மழை இல்லை, கூட்டமும் இருந்தது. கெடுத்தது என் வாய்தான். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்த கடை.

ஒரு அக்கா மகளோடு வந்தார். பழைய சேலைகளை வெட்டித் தைத்தவை என்றதும், "நல்லா இருக்குலா, கெட்டித் துணி," என்றார். சிறுமி பச்சைக் கவுனைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். கழற்றவே மாட்டேன் என்றாள்.

"யாரு கட்டுன சேலை தங்கச்சி? செத்தவங்களோடது இல்லதானே?"

மற்றவை எல்லாம் தோட்டத்து வீடுகளில் கேட்டு வாங்கியவை. கட்டியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். பச்சைக்கும் அப்படியே சொல்லியிருக்கலாம்.

"எங்கம்மாவோடதுக்கா."

"அம்மா இருக்காங்களா?"

நான் குனிந்து மற்ற கவுன்களை மடிக்க ஆரம்பித்தேன். அவர் சிறுமியின் தலை வழியே கவுனை உருவினார். அவள் அழுதாள். பக்கத்தில் நின்றவர்களும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அவரைத் திட்டிக்கொண்டேதான் பஸ் ஏறினேன். ஜெலாப்பாங் வருவதற்குள் கோபம் போய்விட்டது. சின்ன வயதில் நான் போட்டிருந்தால் அம்மாவும் அப்படித்தான் உருவியிருப்பாள். வீட்டுக்கு வந்ததும் என்னைக் குளிக்கவும் வைத்திருப்பாள்.

அம்மாவின் சேலை துணிப்பெட்டியில் கிடப்பதைவிட ஏதாவது ஒரு பிள்ளை போட்டுக்கொண்டு ஓடட்டும் என்றுதான் வெட்டினேன். இப்போது கட்டிலில் கிடக்கிறது, ஐந்து வயதுப் பிள்ளையின் அளவில். முழுச் சேலையாக விட்டிருந்தால் இன்றைக்கு நானாவது போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன்.