வெந்த பக்கம் மேலே

அம்மாவுக்கு சுப்ரஜாவின் நமஸ்காரம். நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா வேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறாரா?

ஹிஞ்சேவாடியில் புதுக் கட்டடத்துக்காக ஆழத் துளைத்துக் கல் எடுத்துப் பார்க்கிறோம். இந்த ஊரே எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக ஓடி உறைந்ததுதான். நடுவில் பூமி ஓய்ந்திருந்த காலத்தில் மண் உண்டானது. பிறகு மேலே ஓடிவந்த குழம்பு அதன் மேல்பக்கத்தைச் செங்கல் மாதிரி சுட்டுவிட்டது.

நேற்று சைட்டுக்கே உன் பார்சல் வந்த சந்தோஷத்தில், கல் துண்டுகளைப் பெட்டியில் தலைகீழாக அடுக்கிவிட்டேன். செம்மண்ணின் வெந்த பக்கம் கீழே இருந்ததைப் பார்த்த எங்கள் மேலதிகாரி குல்கர்ணி சார், "அரே சுப்ரஜா, ஆறரைக் கோடி வருஷத்தைக் கவிழ்த்துட்டியே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். திட்டெல்லாம் இல்லை, கவலைப்படாதே.

அடுத்த தடவை பருப்புப்பொடி கொஞ்சம் போதும். பொடியைச் சுற்றுகிற தமிழ்ப் பேப்பரை மட்டும் நாலைந்து தாளாக வை. பழசென்று யோசிக்காதே; நான் பார்க்கிற கல்லுக்கு, போன மாசத்துச் செய்தியும் இன்றைக்கு நடந்ததுதான். நேற்று வந்த தாளை வரன் விளம்பரம்வரை சத்தமாக வாசித்தேன். கொஞ்ச நேரம் அறையில் தமிழ் கேட்டது.

கம்பெனி வண்டி ஹார்ன் அடிக்கிறது. எண்ணெய் படாமல் சுற்று அம்மா, இதற்கு முந்தின பார்சலில் பாதி எழுத்து தெரியவில்லை.

சுப்ரஜா