கோட்டைக்கு வந்த வேட்பாளர்

அப்பா,

டிவி ரிமோட்டுக்கு நீங்கள் போட்டு வைத்த பிளாஸ்டிக் உறை இன்று கிழிந்துவிட்டது. வால்யூம் பட்டனுக்கு நேரே, உங்கள் கட்டைவிரல் பட்டுப் பட்டுப் பழுத்துப்போன இடத்தில். முன்பு சவூதியில், அல் கோபார் வீட்டிலும் அப்படித்தான். புதிதாக எது வந்தாலும் முதலில் உறை, பிறகு ரப்பர் பேண்ட். "பாலைவனத் தூசிம்மா, கண்ணுக்குத் தெரியாமப் பூந்துரும்" என்பீர்கள். உறையைக் கழற்றினேன். உள்ளே ரிமோட் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இந்த ரிமோட்டோடுதான் நீங்கள் அமெரிக்கத் தேர்தலைப் பின்தொடர்ந்தீர்கள். அம்மா போன பிறகு உங்களைத் திருச்சியில் தனியாக விட மனமில்லாமல் என் பெயரில் விசா எடுத்துத் துபாய்க்கு அழைத்து வந்திருந்தேன். வாலிபம் முழுக்க ஒரு சவூதிக் கஃபீலின், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளியின், கீழ் வேலை பார்த்தவர் நீங்கள். கடைசியில் மகளே கஃபீலாகிப் போனது உங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. நான் ஆபீஸிலிருந்து வந்து கதவைத் திறந்தால் போதும், "கஃபீல் வந்தாச்சு. டீ போடவா?" நான் இந்த நாட்டைவிட்டுப் போனால் உங்கள் விசாவும் போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் நாம் பேசியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பென்சில்வேனியாவிலிருந்து அண்ணன் வீடியோவில் வருவான். அதற்காக நீங்கள் முகம் மழித்து, இஸ்திரி போட்ட நீலச் சட்டையை மாட்டிக்கொள்வீர்கள். கேமராவுக்குத் தெரியாத கீழ்ப்பாதியில் லுங்கி. ஊருக்கே திரும்பி வந்துவிடுவதா, அங்கேயே இருந்துவிடுவதா என்று அண்ணன் அப்போது முடிவு செய்திருக்கவில்லை. நீங்கள் கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம்ப்பா" என்பான். அந்த ஒரு வார்த்தையில் ஒரு வாரத்தை ஓட்டுவீர்கள்.

அப்படி ஒரு நாள் அவன் பின்னால் டிவி அலறிக்கொண்டிருந்தது.

"என்னடா சத்தம் அது?"

"எலெக்‌ஷன் விளம்பரம்ப்பா. சமையல் நிகழ்ச்சி பாத்தாலும் இந்த ரெண்டு பேர்தான், மேட்ச் பாத்தாலும் இந்த ரெண்டு பேர்தான். தலைவலியே வந்துருச்சு."

உங்களுக்கு ஆச்சரியம். கலிபோர்னியாவில் இருக்கும் உங்கள் நண்பரின் மகள், அங்கே அப்படி ஒரு விளம்பரத்தைக்கூடப் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தாளே? "அவளும் அதே பிரசிடென்டுக்குத்தானே ஓட்டுப் போடறா? அவ வீட்டு டிவி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று என்னைக் கேட்டீர்கள்.

டிவியில் விளம்பரத்துக்கு நேரம் வாங்குவதுதான் என் வேலை. அதனால் விளக்கினேன். கலிபோர்னியா எந்தக் கட்சிக்குப் போகும் என்பது முன்பே தெரியும். அங்கே டிவிக்குச் செலவழிப்பது இரண்டு கட்சிக்குமே வீண். பென்சில்வேனியா எந்தப் பக்கமும் சாயலாம், அதனால் பணமெல்லாம் அங்கே போய்க் கொட்டுகிறது. உறுதியான மாநிலங்களுக்குப் பெரும்பாலும் நன்கொடை வாங்கத்தான் போவார்கள்.

தொடையில் தட்டினீர்கள். "அட, கோட்டை! நம்மூர்லயும் அதானே நடக்குது. ஒரு தொகுதிக்குக் கோட்டைன்னு பேர் விழுந்துட்டா, அப்புறம் வேட்பாளரோட ஜீப்பும் வராது, ரோடும் வராது." சிரித்து முடித்துவிட்டுச் சொன்னீர்கள்: "உங்க அண்ணன் பென்சில்வேனியா. நீ என் கோட்டைம்மா."

அன்று எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

கொஞ்ச நாளில் சிங்கப்பூரிலிருந்து எனக்கு ஒரு வேலை வந்தது. நான் வெகுநாளாக ஆசைப்பட்ட வேலை. யாரிடமும் சொல்லவில்லை, பதிலும் எழுதவில்லை. அந்த வாரம் அண்ணனிடம் நீங்கள் திருச்சி வீட்டு மாடி அறைக்கு ஏசி வைப்பது பற்றி, அவனுக்குப் பிடித்த பச்சை நிறத்தில் சுவரை அடிப்பது பற்றியெல்லாம் பேசிக்கொண்டிருந்தீர்கள். போனை வைத்ததும் கேட்டேன்.

"என்கிட்ட எதுவும் கேக்கவே மாட்டீங்களாப்பா?"

"உங்கிட்ட என்னத்தக் கேக்கறது? நீதான் கோட்டையாச்சே."

"கோட்டையும் கை மாறும்ப்பா."

நீங்கள் டிவியின் ஒலியைக் குறைத்தீர்கள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து, நல்ல உச்சி வெயிலில், ஆபீஸ் வாசல் காவலாளி எனக்குப் போன் செய்தார். "மேடம், ஆப்கா பாப்பா ஆயா ஹை." நீங்கள் வந்திருப்பதாக அவர் சொன்னதை நம்பாமல் இறங்கி வந்தேன். என் ஆபீஸ் இருக்கும் அல் கூஸின் அந்தத் தெருவில் குடோன்களும் லாரிகளும் தவிர வேறொன்றும் கிடையாது. பஸ் மாறி வந்து, நிறுத்தத்திலிருந்து நடந்திருந்தீர்கள். அதே நீலச் சட்டை, முதுகோடு ஒட்டிப்போய். கீழே லுங்கி இல்லை, பேன்ட், பாலிஷ் போட்ட ஷூ. இரண்டு கையிலும் காகிதக் கோப்பையில் டீ.

"என்னப்பா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. பிரச்சாரத்துக்கு வந்தேன்."

குடோன் நிழலில் படிக்கட்டில் உட்கார்ந்தோம். கட்டடத்தை அண்ணாந்து பார்த்தீர்கள். "விளம்பர ஆபீஸ்னு சொன்ன. இது சிமென்ட் மூட்டை அடுக்கற எடம் மாதிரி இருக்கு."

"உள்ள நல்லா இருக்கும்ப்பா."

டீயை ஊதிக் குடித்தபடி, என்னைப் பார்க்காமல் கேட்டீர்கள். "வேற எங்கயாச்சும் கூப்பிட்டிருக்காங்களா?"

நான் என் கோப்பையைப் படியில் வைத்தேன்.

"போறதுன்னா போம்மா. திருச்சி எனக்குப் புது ஊரா? ஆனா இந்த அப்பன் ஓட்டே கேக்கலன்னு ஆயிடக் கூடாது பாரு. நீ இங்க இருந்தா எனக்கு நல்லா இருக்கும். அதச் சொல்லத்தான் வந்தேன்."

நான் வாய் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினீர்கள். "இப்பச் சொல்லாத. ஓட்டு ரகசியம். போய் டூட்டியப் பாரு." கோப்பையைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தீர்கள்.

அன்று மாலையே சிங்கப்பூருக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். உங்களிடம் உடனே சொல்லவில்லை. அமெரிக்க முடிவுகள் வரும் நாளில் ஜிலேபி வாங்கி வந்து, என் முடிவையும் சேர்த்து அறிவிக்கலாம் என்று ஒரு விளையாட்டு. நீங்களும் கேட்கவில்லை. நான் வீட்டுக்குள் வரும்போது, வாக்கு எண்ணும் இடத்தின் வாசலில் நிற்பவரைப் போல என் முகத்தைப் பார்ப்பீர்கள். பிறகு, "டீ போடவா?" கஃபீல் என்ற வார்த்தையை மட்டும் அந்த நாளிலிருந்து நீங்கள் சொல்லவே இல்லை. அது என்னைக் கட்டிப்போட்டுவிடும் என்று நினைத்தீர்களோ என்னவோ.

முடிவுகள் வருவதற்கு முந்தின வாரம், ஒரு காலையில் நீங்கள் எழுந்திருக்கவில்லை. அண்ணன் கிடைத்த முதல் விமானத்தில் வந்தான். இருவருமாக உங்களைத் திருச்சிக்குக் கொண்டுபோனோம். மாடி அறைச் சுவர் பச்சையாக இருந்தது. அமெரிக்காவில் யார் ஜெயித்தார்கள் என்பதை யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இங்கே இறந்தவரின் விசாவையும் ரத்து செய்ய வேண்டும். திரும்பி வந்து, விசா மனுக்களைத் தயாரித்துத் தரும் டைப்பிங் சென்டரில் அதற்குக் கையெழுத்துப் போட்டேன். கடைசியாக ஒரு தடவை உங்கள் கஃபீலாக இருந்தேன், அப்பா.

இப்போதும் ஆபீஸ் கூட்டங்களில், "அந்த ஊர் நமக்கு உறுதி, அங்கே செலவு வேண்டாம்" என்று யாராவது சொல்வார்கள். கணக்கு சரிதான், நானும் தலையாட்டுவேன். தலையாட்டும்போது, இரண்டு கையிலும் டீயோடு வெயிலில் நிற்கும் ஒரு நீலச் சட்டை தெரியும்.

ரிமோட்டுக்குப் புது உறை போட்டுவிட்டேன். அன்று நீங்கள் கையைக் காட்டி நிறுத்தியதை இன்று சொல்லிவிடுகிறேன். என் ஓட்டு உங்களுக்குத்தான் விழுந்தது. ஆனால் அது கோட்டையின் ஓட்டு இல்லை, அப்பா. அன்று படியில் வந்து உட்காரும் வரை நான் முடிவு செய்திருக்கவில்லை. நீங்கள் வந்து கேட்டு வாங்கியது அது.