குடும்பத்துக்கு ஒரு படம்

செப்டம்பர் 8, 2019, ஞாயிறு. மெம்ஃபிஸ்

ஆராதனை முடிந்து ஆர்கனை மூடிக்கொண்டிருந்தேன். சபைச் செயலாளர் வெர்லீன் அம்மா நோட்டும் பென்சிலுமாக வந்து நின்றார். எங்கள் கறுப்பர் சபையின் எழுபத்தைந்தாம் ஆண்டுக்கு ஆல்பம் போடுகிறார்களாம். குடும்பத்துக்கு ஒரு படம்.

"நீயும் ரூஃபஸும் ஒண்ணாத்தானே வர்றீங்க, தம்பி?"

எதற்கு இந்தக் கேள்வி? பத்தொன்பது வருடமாக ரூஃபஸ் என் சித்தப்பா மகன் என்றுதான் இங்கே எல்லோருக்கும் கணக்கு. வீட்டில் ஒரே கட்டில் என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். "பார்த்துச் சொல்றேம்மா" என்று நழுவிவிட்டேன்.

செப்டம்பர் 11

ரூஃபஸ் நீல சூட்டைச் சலவைக்கே போட்டுவிட்டான்.

"யோவ், ஒரே ஒரு போட்டோ. நாளைக்கு நான் இல்லேன்னாலும் ஒன் பக்கத்துல இருந்தேன்னு ஒரு அத்தாட்சி வேணாமா?"

இவனுக்கென்ன தெரியும்? போன வருடம் எங்களைப் போன்ற ஒருவனைப் பாடகர் குழுவிலிருந்து இறக்கி, முன் பெஞ்சில் வாரக்கணக்கில் வாய் திறக்கவிடாமல் உட்காரவைத்தார்களே மூப்பர்கள்! வேறு சபைக்குப் போய்விடலாம் என்றேன். ஊருக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர் சபையில் வானவில் கொடியே கட்டியிருக்கிறார்கள்.

"போய்ப் பாத்தேன். எல்லாரும் கை குலுக்கினாங்க, ஒருத்தரும் கை தட்டல. பாட்டா அது? கொட்டாவிதான் வந்துச்சு."

செப்டம்பர் 22, ஞாயிறு

நடுவில் வெர்லீன் அம்மா போனில் கேட்டார். இன்று மறுபடியும் — மூன்றாவது தடவை. பின்னால் மூப்பர் ஹோலிஸ் நின்றிருந்தார். அவருக்காகத்தான் கேட்கிறாரா? என் வாயாலேயே சொல்லவைத்து எழுதிக்கொள்ளவா?

தனித்தனியாக, என்றேன். இரண்டு பெயரையும் தனித்தனி வரியில் எழுதிக்கொண்டார். "சரிப்பா" என்றார். முகம் விழுந்துபோயிற்று. நான் மாட்டவில்லையே என்ற ஏமாற்றம்!

அக்டோபர் 5, சனி

எனக்குப் பத்து மணி, ரூஃபஸுக்குப் பத்தரை. "வேற யாராவது வரணுமா சார்?" என்று அவனிடம் புகைப்படக்காரர் கேட்டாராம். சூட்டைக் கழற்றாமலே சாப்பிட்டான். எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் தப்பித்தோம்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஆல்பம் வந்தது. நான் பதினோராம் பக்கம், ரூஃபஸ் முப்பத்தெட்டு.

இருபத்து நான்கில் வெர்லீன் அம்மா. அருகில் ஒடெஸ்ஸா — முப்பது வருடமாக அவர் வீட்டில் வாடகைக்கு இருப்பதாக நாங்கள் நம்பிய பள்ளி ஆசிரியை. இருவருக்கும் ஒரே மாதிரி வெள்ளைத் தொப்பி. கீழே இரண்டு பெயரும் போட்டு, 'குடும்பம்' என்று அச்சிட்டிருக்கிறது.

வாசலில் நிறுத்திக் கேட்டேன். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"அதான் மூணு தடவ கேட்டேனேப்பா. ரெண்டு ஜோடியா நின்னா, யாரைன்னு எறக்குவாங்கன்னு நெனச்சேன்."

என்ன மனுஷன் நான். சீ.

டிசம்பர் 8, ஞாயிறு

செயலாளர் நோட்டை வெர்லீன் அம்மாவிடமிருந்து வாங்கிவிட்டார்கள். முன் பெஞ்சில் அவரும் ஒடெஸ்ஸாவும் மட்டும். பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

ரூஃபஸ் எழுந்து போய் அவர்களோடு உட்கார்ந்தான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் பாட்டுக்கு மூப்பர் ஹோலிஸ் எனக்குத் தலையசைத்தார். சபையே காத்திருந்தது. ஆர்கனை மூடிவிட்டு இறங்கினேன்.

"கொஞ்சம் நகரு" என்றேன்.

நகர்ந்தான்.