பொறியாளர் மூன்று முறை இருமினாள்

மார்ச் 4, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு ஜோடி லென்ஸை வலது இடது மாற்றித் தேய்த்துவிட்டேன். முதலாளி திட்டவில்லை, பார்த்தார். அது திட்டுவதைவிட மோசம். நான் என்ன செய்ய, நினைப்பெல்லாம் வீட்டில். ‘ஏழாம் கலம்’ வீடியோ விளையாட்டின் மூன்றாம் பாகம் வந்துவிட்டது. ஆறு வருஷம் காத்திருந்தோம், அக்காவும் நானும். “நீ வர்ற வரைக்கும் தொடவே மாட்டேன்” என்றாள். வந்து பார்த்தால் முதல் கிரகத்தைத் தாண்டியிருந்தாள். கேட்டால், “கை பட்டுடுச்சு” என்கிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

விளையாட்டில் வரும் விண்கப்பலின் பொறியாளர் என்றால் அக்காவுக்கு உயிர். “கேப்டன் வசனம்தான் பேசுவான். கையில கிரீஸ் ஒட்டின ஆளு இவ ஒருத்திதான்டி.” பதினான்கு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவளுக்கு வேறு யாரைப் பிடிக்கும்?

இன்று மூன்றாம் அத்தியாயத்தில் பொறியாளர் மூன்று முறை இருமினாள். கைக்குட்டையில் ஒரே ஒரு சொட்டு ரத்தம். அக்கா மூக்கில் இருந்த ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். “போச்சு. இவ கதை முடிஞ்சது.”

அக்காவின் நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது. இந்த வருஷத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. அவளை வைத்துக்கொண்டே சொன்னார்.

இந்த விளையாட்டிலுமா? இங்கேயுமா?

மார்ச் 12, புதன்

செத்தாள் பொறியாளர். கலையாத தலைமுடியோடு, ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரம் ஓட, கேப்டன் மடியில். வெளிச்சத்தைவிட வேகமாகப் போகும் கப்பல் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஓர் இருமலுக்கு மருந்து கிடையாதாம். என்ன வியாதி என்றுகூடச் சொல்லவில்லை. உனக்கு என்ன வேண்டும் என்று அவளை ஒருத்தரும் கேட்கவில்லை. அவள் சாவைக் காட்டும் மூன்று காட்சியிலும் கேப்டன்தான் அழுகிறான்.

அதைவிடக் கொடுமை, அவள் கண் மூடியதும் திரையில் தங்க எழுத்து: ‘துக்கத்தின் வலிமை — கேப்டனின் தாக்குதல் +20’.

இருபது புள்ளிக்காகவா அவளைக் கொன்றார்கள்? எவன்டா இதை எழுதினது?

அக்கா டிவியை அணைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 13, வியாழன்

பொறுக்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்த விளையாட்டின் ரசிகர் தளத்தில் எழுதிப் போட்டேன். நிஜமாகச் சாகிறவர்கள் எப்படி இருப்பார்கள் தெரியுமா என்று ஆரம்பித்தேன். குழாய் உரசி அக்காவின் காதுக்குப் பின்னால் புண்ணானது, அம்மா அவளை ஸ்டூலில் உட்கார வைத்துக் குளிப்பாட்டுவது, பாதிக் குளியலில் மூச்சு வாங்கி அவள் அழுதது — எல்லாவற்றையும்.

மார்ச் 15, சனி

ஒன்பதாயிரம் லைக்!

மார்ச் 16, ஞாயிறு

அக்கா படித்துவிட்டாள்.

போனை நீட்டி, “இது நான்தானே?” என்றாள்.

“அவனுங்களுக்கு உறைக்கணும்னுதான்க்கா—”

“அந்தப் பொண்ணு இருமினா கேப்டனுக்கு இருபது புள்ளி.” மூச்சுக்காக நிறுத்தினாள். “நான் இருமினா உனக்கு ஒன்பதாயிரமா?”

போனை வாங்கப் பார்த்தேன், விடவில்லை.

“நான் குளிக்கிறத எழுத யார்கிட்டடி கேட்ட?”

கேட்கலை. யார்கிட்டயும் கேட்கலை. கேட்கணும்னு தோணவே இல்லையே எனக்கு. அவளுக்காகத்தானே எழுதினேன்? அவளுக்காகத்தானா?

மார்ச் 17, திங்கள்

பதிவை எடுத்துவிட்டேன். ஆனால் யார் யாரோ ஸ்கிரீன்ஷாட் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 21, வெள்ளி

ஐந்து நாளாகப் பேச்சில்லை. அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு வெடித்தாள். “ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா நான் யாரோட பேசறது, சுவத்தோடயா?”

அக்கா கட்டிலில் போய் உட்கார்ந்தேன். “தப்பு பண்ணிட்டேன்க்கா.”

“ஆமா, பண்ணிட்ட.” ரிமோட்டை எடுத்து, “தள்ளி உட்காரு, டிவி மறைக்குது” என்றாள்.

மார்ச் 25, செவ்வாய்

கடைக்கு லீவு போட்டிருந்தேன். காலையில் அக்கா ரசிகர் தளத்தில் புதுப் பெயரில் சேர்ந்தாள். பொறியாளர் சாவைப் பற்றி ஒரு வரி இல்லை. கப்பலின் லிஃப்டில் பெட்டியைச் சமன்செய்ய மறுபக்கம் தொங்க வேண்டிய எடையே இல்லை, இதை வரைந்தவன் லிஃப்டில் ஏறியதே இல்லை என்று ஒரு பக்கம்.

பத்து நிமிஷத்தில் ஒருவன் வந்தான்: ‘விண்வெளியில எடை ஏது, முட்டாள்?’

என் கை தானாகப் போனுக்குப் போனது. இவள் யார் என்று தெரியுமாடா உனக்கு?

“கைய எடு” என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ‘எல்லாரும் தரையில நடக்கறாங்கல்ல? அப்ப எடை இருக்கு. முட்டாள் நீ’ என்று ஒரு விரலால் தட்டினாள். மத்தியானம் வரை விடவில்லை இருவரும். பிறகு களைத்துத் தூங்கிப்போனாள்.

மூன்று மணிக்கு அவன் எழுதினான்: ‘என்ன, ஓடிட்டியா?’

படித்தேன். போனை அவள் தலைமாட்டில் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனேன்.

நாலரைக்கு எழுந்தவள் தண்ணீர்கூடக் கேட்காமல் போனை எடுத்தாள். ‘சாப்பிடப் போயிருந்தேன். எங்க விட்டோம்?’